விசிட்டிங் கார்டில் பழைய நம்பர்

அத்தியாயம் 14

வெள்ளிக்கிழமை காலை ஏழரை மணிக்கே சிதம்பரநாதன் பிஸ்கட் டின்னைக் கூடத்துத் தரையில் கவிழ்த்துவிட்டார்.

இருபத்திரண்டு வருடமாக யார் யாரோ கொடுத்த விசிட்டிங் கார்டுகள் அத்தனையும் அதற்குள்தான் இருந்தன. சில ஒன்றோடொன்று ஒட்டிப் போயிருந்தன. சிலவற்றில் எழுத்தே இல்லை. அவர் தேடியது, ரிமோட்டில் ஓடும் திரைச்சீலை மோட்டார் விற்கிறவரின் கார்டை. பத்துப் பதினோரு நாளைக்கு முன் வீட்டு அலங்காரக் கண்காட்சியில் அந்த மனிதர் கொடுத்ததும் ஞாபகம் இருந்தது, சட்டைப்பையில் வைத்ததும் ஞாபகம் இருந்தது. நீல நிறம், ஓரத்தில் மஞ்சள் கோடு என்று மனைவியிடம் அடையாளமும் சொன்னார். டின்னில் நீலக் கார்டுகள் பதினொன்று இருந்தன. மஞ்சள் கோடு ஒன்றிலும் இல்லை.

மீனாட்சிக்கு அந்தச் சட்டை வாஷிங் மெஷினுக்குப் போனது நினைவுக்கு வந்தது. சொல்லவில்லை.

மகள் ஸ்நேஹா பல் தேய்த்துக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தாள். அன்றைக்கே அந்த மோட்டார்காரருடைய கியூஆர் கோடை ஸ்கேன் செய்து வைத்திருப்பதாகச் சொல்லி, போனில் இரண்டு தட்டுத் தட்டி நம்பரைக் காட்டினாள். சிதம்பரநாதன் தரையில் கிடந்த வேறு யாருடைய கார்டின் பின்பக்கத்திலோ அந்த நம்பரைப் பேனாவால் எழுதிக்கொண்டார்.

"அதையும் டின்ல போடப் போறீங்களாப்பா?" என்று கேட்டாள் ஸ்நேஹா. மீனாட்சி சிரிப்பை அடக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள்.

தி. நகரில் 'சிவகாமி கர்ட்டன்ஸ்' கடையைத் தேடிப் போனவர்களுக்கு இந்தக் குடும்பத்தின் கதை ஓரளவு தெரியும். திருநெல்வேலியிலிருந்து வந்த அண்ணனும் தம்பியும் தாயார் பெயரில் தொடங்கிய கடை. அண்ணன் சிதம்பரநாதன் துணியையும் தையலையும் பார்த்துக்கொண்டார். தம்பி சண்முகசுந்தரம் வீடு வீடாகப் போய் ஜன்னல்களை அளவெடுத்து வந்தான். மூன்று வருடங்களுக்கு முன்னால், பெருங்குடியில் கம்பெனிக் கட்டடங்களாக எழும்புகின்றன, அங்கே ஒரு கிளை போடலாம் என்றான் தம்பி. அம்மா பெயரைக் கூறு போட்டு விற்கிறாயா என்று கேட்டுவிட்டார் அண்ணன். அந்த ஒரு வார்த்தையோடு தம்பி படியிறங்கிப் போனான். இப்போது பெருங்குடியில் தனியாகச் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறான். நாற்பத்து மூன்று வயதாகிறது, கல்யாணம் ஆகவில்லை. அண்ணனும் தம்பியும் பேசிக்கொள்வதில்லை.

அந்தச் சண்டைக்குச் சரியாக இரண்டு மாதம் முன்புதான் கடைக்கு ஐயாயிரம் விசிட்டிங் கார்டு அச்சடித்திருந்தார்கள். வெளியே போய் வருகிறவன் என்பதால் அதில் தம்பியின் போன் நம்பர் இருந்தது. அவன் போன பிறகு கார்டை வீணாக்க சிதம்பரநாதனுக்கு மனசு வரவில்லை. தன் நம்பரைக் குட்டி ஸ்டிக்கராக அடித்து வாங்கி, டிவி முன்னால் உட்கார்ந்து பழைய நம்பரின் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினார். இடையில் கடை கீழ்த்தளத்திலிருந்து முதல் மாடிக்கு மாறியது. அதைப் பேனாவால் திருத்தினார். கார்டு இன்னும் பாதிகூடத் தீரவில்லை.

காலைப் பலகாரத்தின்போது ஸ்நேஹா மறுபடி அந்தப் பேச்சை எடுத்தாள். அவளே டிஜிட்டல் கார்டு ஒன்று தயாரித்து வைத்திருந்தாள். தொட்டால் கடைக்கு வழி காட்டும், தைத்துக் கொடுத்த திரைச்சீலைகளின் படம் வரும், அங்கிருந்தே வாட்ஸ்அப்பில் பேசலாம். நம்பர் மாறினால் ஒரு இடத்தில் மாற்றினால் போதும் என்றாள்.

சிதம்பரநாதன் இட்லியைப் பிட்டுக்கொண்டே கேட்டார். "ஒருத்தர் கையில ரெண்டு கையால எடுத்துக் குடுக்கதுல ஒரு மரியாதை இருக்கு. போனை நீட்டுனா அது வருமா?"

"மரியாதையாக் குடுத்தோம்ப்பா. அந்த அடையாறு மேடம் போன் பண்ணாங்களா?"

வீட்டில் எல்லோர் மனதிலும் இருந்த விஷயம் அதுதான். கண்காட்சியில் அவர்கள் கடைக்கு வந்த ரூபீனா என்ற பெண்மணி, அடையாறு காந்தி நகரில் பதினெட்டு அறைகளோடு சர்வீஸ் அபார்ட்மென்ட் திறக்கப் போவதாகச் சொன்னார். எல்லா அறைக்கும் திரைச்சீலை வேண்டும். துணியைத் தடவிப் பார்த்தார், பிடித்திருக்கிறது என்றார், பத்து நாளில் கூப்பிடுகிறேன் என்று கார்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக்கொண்டார். சிதம்பரநாதன் அன்று வீட்டுக்கு வந்து, தம்பி போன பிறகு இப்படி ஒரு வேலை வரவில்லை என்று இரண்டு முறை சொன்னார். இன்று பதினோராவது நாள்.

நாமே கூப்பிட்டுப் பார்க்கலாமே என்று மீனாட்சி கேட்டாள். எந்த நம்பருக்கு என்று ஸ்நேஹா திருப்பிக் கேட்டாள். அப்போதுதான் மீனாட்சிக்கு உறைத்தது. அவர்கள் கார்டைக் கொடுத்தார்களே தவிர, அந்த அம்மாவின் நம்பர் அவர்களிடம் இல்லை. டிஜிட்டல் கார்டாக இருந்தால் வாங்கிக்கொண்டவர் நம்பரும் கையோடு கிடைத்திருக்கும் என்றாள் மகள். அதற்கு மேல் வேறு எதையோ சொல்ல வாயெடுத்தாள்.

"போதும்" என்று தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார் சிதம்பரநாதன். "கூகுள்ல பாத்து ஆளு வந்துக்கிட்டுதான இருக்கு? மூணு வருசமா எத்தனை பேரு? நம்ம பேரு நிக்கும்."

ஸ்நேஹா வாயை மூடிக்கொண்டாள். பையை மாட்டிக்கொண்டு பெருங்குடியில் இருக்கும் தன் அலுவலகத்துக்குக் கிளம்பிவிட்டாள். சொல்ல வந்ததை விழுங்கிவிட்டுப் போகிறாள் என்பது மட்டும் மீனாட்சிக்குப் புரிந்தது.

கணவர் கடைக்குப் போன பிறகு மீனாட்சியால் உட்கார முடியவில்லை. காந்தி நகர் என்ன பெரிய காடா என்று தோன்றியது. பதினொரு மணிக்குப் புடவை மாற்றிக்கொண்டு ஆட்டோ பிடித்தாள். மெட்ரோ வேலைக்காக ரோட்டைத் திருப்பிவிட்டிருந்த இடத்திலெல்லாம் நின்று நின்று, அடையாறு பாலத்தைத் தாண்டவே அரை மணி நேரம் ஆனது. காலையில் பெய்த மழையில் ஆறு பழுப்பாக ஓடியது.

காந்தி நகரில் இஸ்திரி வண்டிக்காரரிடம் விசாரித்தாள். பெயிண்ட் வாசனை அடிக்கிற புதுக் கட்டடமா, நாலாவது குறுக்குத் தெருவில் திரும்புங்கள் என்றார். அவர் சொன்ன இடத்தில் மூன்று மாடிக் கட்டடம் ஒன்று, ஜன்னல்கள் எல்லாம் மொட்டையாக நின்றன. அந்த வெறும் ஜன்னல்களைப் பார்த்ததும் மீனாட்சிக்குப் பாதி உயிர் வந்தது. இன்னும் யாரும் மாட்டவில்லை.

ரூபீனா வரவேற்பறையில் எலக்ட்ரீஷியனோடு பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதிருக்கும், கறுப்பு ஃப்ரேம் கண்ணாடி. மீனாட்சியை உடனே அடையாளம் தெரிந்துகொண்டு உட்காரச் சொன்னார். ஆனால் முகத்தில் கொஞ்சம் வருத்தம்.

"அளவெடுத்துட்டுப் போய் மூணு நாளாச்சு. துணி எடுத்துட்டு யாருமே வரலையே. இன்னிக்கு சாயங்காலம் வரைக்கும் பாத்துட்டு வேற கடைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன்."

யார் அளவெடுத்தது என்று மீனாட்சி கேட்டாள்.

"உங்க கடைலேருந்துதான். கார்டுல இருந்த நம்பருக்குக் கூப்பிட்டேன், அவரே வந்தாரு."

அவர் கைப்பையிலிருந்து எடுத்துக் காட்டிய கார்டு ஊறிக் காய்ந்து அப்பளம் மாதிரி வளைந்திருந்தது. நனைந்த குடையோடு பைக்குள் கிடந்திருக்கிறது. சிதம்பரநாதன் ஒட்டிய ஸ்டிக்கர் எங்கோ உதிர்ந்துவிட்டது. அதனடியில் தம்பியின் நம்பர் பளிச்சென்று இருந்தது. கண்காட்சியில் வாங்கிய முப்பது கார்டுகளில் எது எந்தக் கடை என்று பிரித்தெடுக்கவே ஒரு சாயங்காலம் போயிற்று என்று ரூபீனா சொல்லிக்கொண்டிருந்தார். மீனாட்சிக்குக் காதில் விழவில்லை.

சண்முகம் வந்திருக்கிறான். அண்ணன் கடைக்கு வந்த வேலை என்று தெரிந்தே வந்திருக்கிறான். தன் கையால் எத்தனை வருடம் சோறு போட்டிருக்கிறாள் அவனுக்கு. இதைக் கணவர் எப்படித் தாங்குவார் என்று நினைத்தபோது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

அளவுத் தாள்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். ரூபீனா மேசை இழுப்பறையிலிருந்து எடுத்துக் கொடுத்தார்.

சந்தேகமே இல்லை, அவன் எழுத்துதான். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு போடுகிற பழக்கம் அவனுக்கு. ஆனால் முதல் தாளின் தலைப்பில், பெரிய எழுத்தில், 'சிவகாமி கர்ட்டன்ஸ், தி. நகர்' என்று இருந்தது. பதினெட்டு அறைக்கும் பதினெட்டுத் தாள். பதினான்காம் அறையில் ஜன்னல் கோணல், இடது பக்கம் அரை அங்குலம் கூடுதலாக வெட்டவும் என்று குறிப்பு. கடைசித் தாளின் அடியில், 'துணி, தையல் எல்லாம் அண்ணன்தான். அண்ணன் வந்து காட்டுவார்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தான். தன் கடையின் பெயரை எங்கேயும் எழுதவில்லை.

மீனாட்சி அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தாள். சற்று முன் நினைத்ததற்காக அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அவர் சொன்னாரு, நான் அளவு மட்டும்தான், மத்ததெல்லாம் எங்கண்ணன்னு" என்றார் ரூபீனா. "அண்ணன் தம்பி சேர்ந்து செய்றீங்க, நல்ல விஷயம்."

மீனாட்சி வாசலுக்கு வந்து மகளைக் கூப்பிட்டாள். விஷயத்தைச் சொன்னதும் ஸ்நேஹா, இரும்மா என்று அலுவலகத்துக்கு வெளியே வந்தாள். பிறகு எல்லாவற்றையும் கொட்டினாள். பெரிய வேலை கைநழுவிவிடக் கூடாதென்று இந்த முறை சித்தப்பா தானே போய் அளவெடுத்துவிட்டு, மூன்று நாளைக்கு முன்பே அவளிடம் சொல்லிவிட்டார். அப்பாவிடம் எப்படிச் சொல்வது என்று தெரியாமல் தள்ளிப் போட்டதாகவும், காலையில் சொல்ல வந்ததாகவும் சொன்னாள். அதோடு, இது முதல் முறையில்லை.

"மூணு வருஷமா இதாம்மா நடக்குது. ஸ்டிக்கர் உதிர்ந்த கார்டு, ஸ்டிக்கர் ஒட்டுறதுக்கு முன்னாடி குடுத்த கார்டு, எல்லாம் சித்தப்பாவுக்குத்தான் அடிக்குது. அவர் ஒருத்தரைக்கூட வச்சுக்கலை. எனக்கு அனுப்பிடுவாரு. நான் அப்பாகிட்ட கூகுள்ல பாத்து வந்தாங்கன்னு சொல்லிடுவேன்."

எத்தனை பேர் என்று மீனாட்சி கேட்டாள். நாற்பத்தொன்று என்றாள் ஸ்நேஹா. ரூபீனாவோடு நாற்பத்திரண்டு.

அதனால்தான் மகள் டிஜிட்டல் கார்டு, டிஜிட்டல் கார்டு என்று உயிரை விட்டாள் என்று மீனாட்சிக்கு இப்போது விளங்கியது. ஃபேஷனுக்காகக் கேட்கிறாள் என்றுதான் அதுவரை நினைத்திருந்தாள். சித்தப்பா சாப்பாட்டு நேரத்தில்கூட நம்ம கடைக்கு வந்த போனுக்குப் பதில் சொல்லிட்டு இருக்காரும்மா, பாவமா இருக்கு என்று சொல்லி போனை வைத்தாள் ஸ்நேஹா.

அடுத்து கணவருக்குப் போன் செய்தாள் மீனாட்சி. காரணம் சொல்லவில்லை. சாம்பிள் புத்தகங்களை எடுத்துக்கொண்டு உடனே காந்தி நகருக்கு வரச் சொன்னாள். அடையாறு வேலை கிடைத்துவிட்டதா என்று கேட்டார். வந்தால் கிடைக்கும் என்றாள்.

ஒரு மணி நேரத்தில் ஆட்டோவில் வந்து இறங்கினார். கூடவே டெய்லர் கபாலி, மடியில் ஆறு சாம்பிள் புத்தகங்களோடு. "காத்தாலேர்ந்து அண்ணன் பேஜாரா கீறாரு அண்ணி, நீங்க போன் பண்ணப்புறம்தான் மூஞ்சி தெளிஞ்சுது" என்று கபாலி மீனாட்சியின் காதோடு சொன்னார்.

ரூபீனா அளவுத் தாள்களைச் சிதம்பரநாதன் கையில் கொடுத்தார். மீனாட்சி கணவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

முதல் தாளிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு நிதானமாக ஒவ்வொன்றாகப் புரட்டினார். கடைசித் தாளில் ரொம்ப நேரம் நின்றார். பிறகு மாடியேறி, பதினான்காம் அறைக்குப் போனார். மீனாட்சியும் பின்னால் போனாள்.

சட்டைப்பையிலிருந்து டேப்பை எடுத்தார். கபாலி ஜன்னலின் அந்த முனையைப் பிடிக்கக் கை நீட்டினார். தம்பி போன பிறகு வேறு யார் எடுத்த அளவையும் சிதம்பரநாதன் நம்பித் துணி வெட்டியதில்லை. கடைப் பையன்கள் எடுத்தாலும் சரி, கட்டடம் கட்டிய என்ஜினீயரே எழுதிக் கொடுத்தாலும் சரி, தானே ஒருமுறை பார்த்தால்தான் கத்திரிக்கோலைத் தொடுவார்.

டேப்பைக் கையில் வைத்துக்கொண்டு அந்தக் கோணல் ஜன்னலைப் பார்த்தபடி நின்றார். பிறகு அதைச் சுருட்டி மறுபடி பையில் போட்டுக்கொண்டார்.

"வேண்டாம் கபாலி. சம்முவம் எடுத்த அளவு. அப்படியே வெட்டிரலாம்."

மூன்று வருடமாக அந்த வீட்டிலும் கடையிலும் அவர் வாயிலிருந்து வராத பெயர். கபாலி தலையைக் குனிந்துகொண்டார். மீனாட்சி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு வேலை மளமளவென்று நடந்தது. ரூபீனா முன்பக்க அறைகளுக்குச் சாம்பல் கலந்த நீலம், பின்பக்கத்துக்கு மாம்பழ மஞ்சள் என்று தேர்ந்தெடுத்தார். ரிமோட் மோட்டார் வரவேற்பறைக்கு மட்டும் போதும் என்று முடிவானது. கிளம்பும்போது, உங்களைப் பற்றிப் பெசன்ட் நகரில் இருக்கும் என் தங்கைக்குச் சொல்ல வேண்டும், அந்த நைந்த கார்டைப் படம் பிடித்து அனுப்பவா என்று கேட்டார். சிதம்பரநாதன் பையில் கையை விட்டு, ஒரு புதுக் கார்டை எடுத்து, அதன் ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, மறுபடி உள்ளே வைத்துக்கொண்டார். மகள் ஒன்று தயாரித்து வைத்திருக்கிறாள், சாயங்காலம் போனில் அனுப்பச் சொல்கிறேன் என்றார்.

கபாலியைக் கடைக்கு அனுப்பிவிட்டு, இருவரும் பக்கத்திலிருந்த ஹோட்டலில் காபி சாப்பிட உட்கார்ந்தார்கள். அங்கேதான் மீனாட்சி நாற்பத்திரண்டு பேர் கதையைச் சொன்னாள். அவர் டம்ளரைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். எழுந்து போய்விடுவாரோ என்று அவளுக்குப் பயம். அவர் கேட்டது ஒரே கேள்விதான்.

"அப்போ கூகுள் இல்லையா?"

மீனாட்சிக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. இல்லை என்று தலையாட்டினாள்.

"அவன் இடத்துல வேற ஒருத்தன்னா, இந்நேரம் நம்ம கடையில ஈயோட்டிருப்பேன்" என்றார் சற்று நேரம் கழித்து. "எத்தனையோ கார்டு ஊருக்குள்ள கெடக்கு, மீனா. யாரு வீட்டுல எந்த மேசையில கெடக்கோ, திரும்ப வாங்கி மாத்தவா முடியும்? அம்புட்டையும் அவன் நல்லவன்கிறதை நம்பித்தான் குடுத்திருக்கேன், எனக்கே தெரியாம."

காபி ஆறிவிட்டது. இன்னொன்று சொன்னார்கள்.

சாயங்காலம் ஆறரை மணிக்கு ஸ்நேஹா வீட்டுக்கு வந்தபோது, மந்தைவெளி வீட்டில் கேசரி வாசனை அடித்தது. செருப்பைக் கழற்றாமலே வாசலில் தயங்கி நின்றாள். சிதம்பரநாதன் அவளைத் திட்டவில்லை. பக்கத்தில் உட்காரச் சொல்லி, அந்த டிஜிட்டல் கார்டைக் காட்டச் சொன்னார்.

கடைப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். முதல் மாடி என்று சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். ஸ்மார்ட்போன் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது என்று கேட்டார். நம்பரை எஸ்எம்எஸ்ஸில் அனுப்பலாம், அவர்களுக்காகக் கொஞ்சம் கார்டும் கையில் வைத்துக்கொள்ளலாம், ஆனால் பழையது வேண்டாம் என்றாள். இனி நம்பர் மாறினால் ஏற்கெனவே வாங்கியவர்களுக்கும் தானாக மாறிவிடுமா என்று இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டார்.

போன் நம்பர் என்ற இடத்தில் ஸ்நேஹா அவருடைய நம்பரைப் போட்டாள்.

"அதுக்குக் கீழே இன்னொன்னு போட இடம் இருக்கா?"

"இருக்குப்பா. யாரு நம்பர்?"

"சித்தப்பா நம்பரு. தி. நகர், பெருங்குடின்னு ரெண்டு ஊரையும் போடு."

ஸ்நேஹா அம்மாவைப் பார்த்தாள். மீனாட்சி, அவனைக் கேட்காமல் எப்படிப் போடுவது என்றாள். கேளு என்றார் சிதம்பரநாதன். தானே கேட்க அவருக்கு இன்னும் நா எழவில்லை. எழுந்து போய் பால்கனிக் கதவைச் சாத்தினார், மறுபடி திறந்தார். பிறகு அங்கிருந்தபடியே, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட வரச் சொல்லு, தேங்காய்ப்பால் சொதி வைப்போம் என்று சொல்லு என்றார், தெருவைப் பார்த்துக்கொண்டு.

மீனாட்சி தன் போனிலிருந்து கொழுந்தனுக்கு அப்படியே அனுப்பினாள். கீழே மகளுடைய கார்டின் லிங்கையும் சேர்த்தாள். அண்ணன்தான் போடச் சொன்னார் என்று தனியாக ஒரு வரி.

பார்த்துவிட்டான் என்பதற்கு நீல டிக் விழுந்தது. ஐந்து நிமிடம் ஒன்றுமில்லை. எழுதுகிறான் என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. பால்கனியில் நின்றவர் திரும்பிப் பார்க்காதது போலத் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

பதில் வந்ததும் மீனாட்சி சத்தமாகவே படித்தாள்.

'வர்றேன் மதினி. நம்பரைப் போடச் சொல்லுங்க. அண்ணன்கிட்ட ஒரு விஷயம் நேர்ல சொல்லணும். நான் தனியா வரலை. இலை ஒன்னு கூடப் போடுங்க.'

சிதம்பரநாதன் உள்ளே வந்தார். முகம் மலர்ந்திருந்தது, ஆனால் புருவம் கேள்வியாக ஏறியிருந்தது. யாரைக் கூட்டிக்கொண்டு வருகிறான் என்று மனைவியைக் கேட்டார். அவளுக்கு எப்படித் தெரியும். இருவரும் ஒரே நேரத்தில் மகள் பக்கம் திரும்பினார்கள்.

ஸ்நேஹா அவசரமாக எழுந்து போய், தன் போனைச் சார்ஜரில் செருகிக்கொண்டிருந்தாள். திரையில் ஏற்கெனவே நூறு சதவீதம் என்று காட்டியது.